2,948 ரூபாய் 82 காசுக்கு என்ன கிடைத்தது

வேலை தேடும் இணையதளம் ஒன்றில் மூன்று மாதக் கட்டணச் சேவை வாங்கினேன். பெயர் வேண்டாம், இதே சரக்கை வேறு தளங்களிலும் வேறு பெயர் ஒட்டி விற்கிறார்கள். விலை 2,499, அதற்கு மேல் 18 சதவீதம் ஜி.எஸ்.டி., ஆக 2,948 ரூபாய் 82 காசு. நான் கணக்குப் பிரிவில் இருப்பவள், காசு வரைக்கும் ஞாபகம் இருக்கும். ஐந்துக்கு ஒன்றரை நட்சத்திரம் கொடுக்கிறேன். அந்த அரை, பணம் கட்டிய அடுத்த நிமிஷமே தப்பில்லாத ஒரு பில் மெயிலில் வந்ததற்காக. அதற்குப் பிறகு அவர்கள் ஒழுங்காகச் செய்த வேலை எதுவும் எனக்கு ஞாபகம் இல்லை.

அம்பத்தூர் எஸ்டேட்டில் ஒரே கம்பெனியில் பதினோரு வருஷம் இருந்தேன். போன வருஷம் எல்லாவற்றையும் ஒரகடத்துக்கு மாற்றப் போகிறோம், வருகிறவர்கள் வரலாம், வராதவர்களுக்கு இரண்டு மாதம் டைம் என்றார்கள். கம்பெனி பஸ் காலை 6.10க்கு. பையன் அஞ்சாம் கிளாஸ், அவன் வேன் வருவதே எட்டு மணிக்குத்தான். சரி, இங்கேயே பக்கத்தில் பார்த்துக்கொள்ளலாம், எஸ்டேட்டில் இல்லாத கம்பெனியா என்று நினைத்தேன். அந்த நினைப்பில் இருந்தபோதுதான் இந்த விளம்பரம் கண்ணில் பட்டது.

சேவையில் மூன்று விஷயம். ரெஸ்யூமைத் திருத்தி எழுதித் தருவார்கள், தேடலில் நம் பெயரை மேலே காட்டுவார்கள், பொருத்தமான வேலை வந்தால் வாட்ஸ்அப்பில் சொல்வார்கள். மூன்றாவதைப் பற்றிச் சொல்ல ஒன்றும் இல்லை. எனக்கு வந்த முதல் செய்தி, புனேயில் செஃப் வேலை.

ரெஸ்யூம் கதையைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். நிபுணர் ஒருவர் அரை மணி நேரம் பேசுவார் என்றார்கள், ஒன்பது நிமிஷம் பேசினார். அதில் இரண்டு நிமிஷம் என் பெயருக்கு ஸ்பெல்லிங். எட்டு நாள் கழித்து ஃபைல் வந்தது. என் பழைய ரெஸ்யூம் வெள்ளைத் தாளில் இரண்டு பக்கம்: டேலி பிரைம், ஜி.எஸ்.டி. ரிட்டர்ன்களான ஜி.எஸ்.டி.ஆர்.-1, 3பி, டி.டி.எஸ். ரிட்டர்னான 26க்யூ, இ-வே பில், பேங்க் ரீகன்சிலியேஷன் என்று செய்த வேலையைச் செய்தபடி எழுதியிருந்தேன். புதியதில் இடது பக்கம் முழுக்க நீலப் பட்டை, மேலே வட்டத்துக்குள் என் போட்டோ, அதன் கீழே ‘ரிசல்ட் ஓரியண்டட் ஃபைனான்ஸ் புரொஃபஷனல்’. எக்செல்லுக்கு ஐந்து புள்ளி போட்டு நாலுக்கு மட்டும் வண்ணம் அடித்திருந்தார்கள். யாரைக் கேட்டு நாலு? டேலி என்ற வார்த்தையே காணோம், ‘அக்கவுண்டிங் சாஃப்ட்வேர்’ ஆகிவிட்டது. 3பி, 26க்யூ எல்லாவற்றையும் சேர்த்துப் பிசைந்து ‘ஸ்டாச்சுட்டரி கம்ப்ளையன்ஸ்’ என்று ஒரே உருண்டை. பார்க்க லட்சணமாக இருந்தது, பொய் சொல்லக்கூடாது. வீட்டில் காட்டினேன், கல்யாணப் பத்திரிகை மாதிரி இருக்கிறது என்றார் கணவர்.

இதை அப்படியே ஏற்றி மூன்று வாரம் உட்கார்ந்திருந்தேன். அதற்குள் என்னோடு காலேஜில் படித்தவள் ஒருத்தி கிண்டியில் எச்.ஆர். வேலையில் இருக்கிறாள் என்பது ஞாபகம் வந்து, ஒரு ஞாயிற்றுக்கிழமை அவள் வீட்டுக்குப் போனேன். இந்தத் தளத்தில் ஆள் எடுப்பவர்களுக்கான லாகின் அவளிடம் உண்டு. அவர்கள் எப்படித் தேடுகிறார்கள் என்று அன்றைக்குத்தான் பார்த்தேன். பெட்டியில் ‘டேலி, ஜி.எஸ்.டி.ஆர்., டி.டி.எஸ்.’, ஊர் அம்பத்தூர், அனுபவம் எட்டிலிருந்து பன்னிரண்டு வருஷம் என்று போட்டாள். முதல் பக்கத்தில் நான் இல்லை. இரண்டு, மூன்று, ம்ஹூம். நாலாவது பக்கத்தில் பாதிக்கும் கீழே இருந்தேன். அவள் சிரித்துவிட்டாள். “ஏண்டி, டேலின்னு தேடுற எடத்துல டேலின்னு எழுதாம இருந்தா மெஷினுக்கு எப்படித் தெரியும்?” அதாவது காசு கொடுத்து நான் செய்துகொண்டது, இருந்த இடத்திலிருந்து என்னைத் தூக்கி நாலாம் பக்கத்தில் போட்டதுதான். அங்கேயே உட்கார்ந்து பழைய இரண்டு பக்கத்தை ஏற்றினேன். மறுநாள் அவள் அனுப்பிய ஸ்கிரீன்ஷாட்டில் முதல் பக்கம், ஆறாவது பெயர்.

தேடலில் மேலே காட்டுவோம் என்றார்களே, அது என்ன ஆனது என்று கேட்டேன். பெயருக்குப் பக்கத்தில் சின்னதாக ஒரு பச்சைக் குறி. இரண்டு வருஷமாகப் பார்க்கிறாளாம், அது எதற்கு என்று அவளுக்கே தெரியாது. அவர்கள் பெரும்பாலும் கடைசி பதினைந்து நாளில் தளத்துக்கு வந்தவர்கள் யார் என்று வடிகட்டித்தான் பார்ப்பார்களாம். அதனால் தினமும் காலையில் உள்ளே போய் ஒரு கமாவை மாற்றிச் சேமித்தால் போதும் என்றாள். டிக்காஷன் இறங்குவதற்குள் முடிந்துவிடும், செலவு பூஜ்யம். இதை முதலிலேயே யாராவது சொல்லியிருந்தால் அந்தப் பணத்துக்குப் பையனுக்கு ஷூவும் பேக்கும் வந்திருக்கும்.

போன் வரவில்லை என்று சொல்ல மாட்டேன். முதல் வாரத்தில் மட்டும் 31. எக்செல்லில் குறித்து வைத்தேன், பழக்க தோஷம். இன்ஷூரன்ஸ் ஏஜெண்டாகச் சேரச் சொன்னவர்கள் 12 பேர், எஸ்.ஏ.பி. கோர்ஸ் விற்றவர்கள் 7, ‘வேலை ரெடி மேடம், ரெஜிஸ்ட்ரேஷன் 1,500 மட்டும்’ என்றவர்கள் 5, டெலிகாலர் வேலை 4. மிச்சம் மூன்றுதான் கணக்கு வேலை. அந்த 1,500 ஆசாமிகளைப் பற்றி ஒன்று: வேலை கொடுப்பவன் நம்மிடம் பணம் கேட்க மாட்டான், கட்டி ஏமாந்திருந்தால் உடனே சைபர் குற்ற உதவி எண் 1930க்குப் போன் போட்டுப் புகார் கொடுங்கள், தாமதிக்கத் தாமதிக்கப் பணம் கைமாறிவிடும். தளத்தில் புகார் செய்தேன். ‘உங்கள் உணர்வுகளைப் புரிந்துகொள்கிறோம்’ என்று பதில் வந்தது. மறுபடி எழுதினேன், மறுபடியும் புரிந்துகொண்டார்கள்.

அந்த மூன்றில் ஒன்று ஓசூர். ஒன்று மாதம் 14,000. மிச்சம் இருந்தது எஸ்டேட்டுக்குள்ளேயே, விளம்பரத்தில் மாதம் 30,000 என்று போட்டிருந்தது. இண்டர்வியூ 20ஆம் தேதி பதினோரு மணி என்றார்கள். 20ஆம் தேதி 3பி கடைசி நாள் சார், 21 வரட்டுமா என்றேன். முடியாது, எம்.டி. அன்றைக்குத்தான் இருப்பார். கணக்கு ஆளை 20ஆம் தேதி கூப்பிடும் கம்பெனியில் கணக்கு எப்படி இருக்கும் என்று அப்போதே யோசித்திருக்க வேண்டும். முதல் நாள் ராத்திரி ஒன்பது மணி வரை உட்கார்ந்து ரிட்டர்னை முடித்துவிட்டு, அரை நாள் பர்மிஷன் போட்டுப் போனேன். நாலு பக்க ஃபாரம் ஒன்று கொடுத்தார்கள், ரெஸ்யூமில் இருந்த அத்தனையையும் திரும்பப் பேனாவில் எழுத வேண்டும். பத்தாம் வகுப்பு மார்க் கேட்டிருந்தது. அப்பா தொழில் கேட்டிருந்தது. இரண்டரை மணிக்கு உள்ளே கூப்பிட்டார்கள். டேலியைப் பற்றி ஒரு கேள்வி, பையனைப் பற்றி நாலு. அவனுக்குக் காய்ச்சல் வந்தால் யார் பார்த்துக்கொள்வார்கள் என்பது அதில் ஒன்று.

கடைசியில் சம்பளத் தாளை நீட்டினார்கள். அந்த 30,000 சி.டி.சி.யாம், அதாவது எனக்காகக் கம்பெனிக்கு ஆகும் மொத்தச் செலவு. பேசிக் 15,000. கம்பெனி கட்டும் பி.எஃப். 1,800ம் அதற்குள், கிராஜுவிட்டி 4.81 சதவீதம் என்று 722 ரூபாயும் அதற்குள். கிராஜுவிட்டி ஐந்து வருஷம் முடித்தால் வருகிற பணம், அதை மாதச் சம்பளமாகக் காட்டுகிறார்கள். என் பங்கு பி.எஃப். இன்னொரு 1,800 போனால் கையில் 25,678. அரையாண்டுக்கு ஒருமுறை தொழில் வரி தனி. மொத்தம் 21,000ஐத் தாண்டுவதால் இ.எஸ்.ஐ.யும் கிடையாது. தாளின் பின்பக்கத்திலேயே கணக்குப் போட்டுக் காட்டினேன். “நீங்க ரொம்ப டீப்பா போறீங்க மேடம்” என்றார் எச்.ஆர். அக்கவுண்டண்ட் வேலைக்குத்தானே சார் வந்திருக்கிறேன் என்று சொல்லிவிட்டு வந்தேன். பிங்க் பஸ்ஸில் பெண்களுக்கு டிக்கெட் காசு கிடையாது, அன்றைக்குச் செலவு ஒரு டீயோடு போனது.

வேலை எப்படிக் கிடைத்தது என்று கேட்பீர்கள். பழைய கம்பெனிக்கு ஆடிட் வரும்போது என் எதிர் மேஜையில் உட்கார்ந்து வவுச்சர் டிக் அடிக்கும் ஆர்ட்டிகிள் தம்பி, அதாவது சி.ஏ. படிப்புக்காக ஆடிட்டரிடம் பயிற்சியில் இருப்பவர், ஒருவர் இருந்தார். “அக்கா, பாடில நம்ம கிளையண்ட் ஒருத்தர் ஆள் தேடுறாரு, ரெஸ்யூம் அனுப்புங்க” என்று வாட்ஸ்அப் போட்டார். பழைய வெள்ளைத் தாள் இரண்டு பக்கத்தைத்தான் அனுப்பினேன். ஐந்து நாளில் முடிந்தது. அவருடைய ஆடிட்டர் ஆபீஸுக்கு எத்தனை கம்பெனியின் உள்விவகாரம் தெரியும் என்று எனக்கு முன்னாலேயே உறைத்திருக்க வேண்டும். நடுவில் தமிழ்நாடு அரசின் தனியார் துறை வேலை இணையதளத்திலும் பதிந்து வைத்தேன். அதற்குக் கட்டணம் கிடையாது, வந்த போனும் குறைவு, ஆனால் ஒருத்தரும் காசு கேட்கவில்லை.

பணத்தைத் திருப்பிக் கேட்டேன். ரெஸ்யூம் கொடுத்தாகிவிட்டது, அதனால் கிடையாது என்றார்கள். இன்னொன்று, வாங்கும்போது கீழே சின்ன எழுத்தில் ஆட்டோபே டிக் ஏற்கெனவே போட்டிருக்கும், நான் கவனிக்கவில்லை. மூன்று மாதம் முடியும் சமயம், நாளைக்கு 2,948 ரூபாய் எடுக்கப்படும் என்று ஒரு மெசேஜ் வந்ததால் தப்பித்தேன். தளத்தில் அதை நிறுத்த இடம் தேடிக் களைத்துப் போகாதீர்கள், உங்கள் யு.பி.ஐ. ஆப்பிலேயே ஆட்டோபே பகுதிக்குப் போய் ரத்து செய்யலாம்.

கணக்கை மூடிய பிறகும் போன் நிற்கவில்லை. போன 20ஆம் தேதி மத்தியானம் ஜி.எஸ்.டி. போர்ட்டல் சுற்றிக்கொண்டே இருக்கும்போது ஒரு கோர்ஸ்காரர் கூப்பிட்டார். வேலை தேடிட்டு இருக்கீங்கதானே மேடம் என்றார். இல்லைப்பா, 3பி போட்டுக்கிட்டு இருக்கேன் என்றேன்.

“அது எந்த இன்ஸ்டிட்யூட் மேடம்?”