புல்வெட்டும் ரோபோ வாங்கும் முன் தரையைப் பாருங்கள்

புல்வெட்டும் ரோபோ வாங்க நினைப்பவர்கள் பேட்டரி எவ்வளவு நேரம் நிற்கும், ஆப் எப்படி இருக்கிறது என்றுதான் முதலில் விசாரிக்கிறார்கள். பல பருவங்கள் ஓட்டிப் பார்த்தவன் என்ற முறையில் சொல்கிறேன், முதலில் தரையைப் பாருங்கள்.

என்னுடையது எல்லை வயர் வைத்து ஓடும் வகை. புல்வெளியைச் சுற்றி வயரைப் போட்டு, இரண்டு முனைகளையும் சார்ஜிங் ஸ்டேஷனில் இணைக்க வேண்டும். வயரில் ஓடும் சிக்னலை உணர்ந்து ரோபோ திரும்பிக்கொள்ளும். வயர் போடும் முன் சாதாரண மெஷினால் புல்லை ஒட்ட வெட்டிவிடுங்கள். அப்போதுதான் குழிகளும் வேர்களும் கண்ணில் படும். குழியில் மண் போட்டு மிதித்து இறுக்கினாலும், நல்ல மழை பெய்ததும் கொஞ்சம் இறங்கும். இன்னொரு முறை நிரப்ப வேண்டியிருக்கும். சக்கரம் குழியில் இறங்கினால் பிளேடு மண்ணைச் சுரண்டும்.

பெரிய மரத்தால் தொல்லை இல்லை, மோதியதும் ரோபோ திரும்பிவிடும். சரிவாக மேலெழும் வேர்தான் ஆபத்து. தடை என்றே தெரியாமல் அதன்மேல் ஏறி, சக்கரம் அந்தரத்தில் சுற்ற நின்றுவிடும். அந்த இடத்தை வயரால் வளைத்து ஒதுக்குங்கள். எல்லையிலிருந்து அங்கே போகும் வயரையும் எல்லைக்குத் திரும்பும் வயரையும் ஒட்டிப் போட்டால் இரண்டின் சிக்னலும் ஒன்றையொன்று சமன் செய்துவிடும், ரோபோ அந்த இணை வயரைத் தடையில்லாமல் தாண்டிப் போகும்.

வயரைப் புதைப்பதா என்று பலரும் கேட்கிறார்கள். வேண்டாம், மேலாகவே முளை அடித்துப் போடுங்கள். சில வாரங்களில் புல்லே மூடிவிடும், இடம் மாற்றுவதும் சுலபம். ஆனால் முளைகள் நெருக்கமாக இருக்கட்டும். வயர் எங்காவது தூக்கி நின்றால் பிளேடு அதையும் வெட்டும். சுவரிலிருந்து சுமார் 30 செ.மீ. தள்ளிப் போட வேண்டும் (மாடலுக்கு மாடல் மாறும்). அதனால் ஓரத்தில் வெட்டாத புல் தங்கும். தரைமட்டத்தில் ஒரு வரிசை கல் பதித்தால் சக்கரம் கல்மேல் ஓடி, ஓரப் புல்லும் வெட்டுப்படும். உழைப்பு அதிகம்தான், ஆனால் இந்தத் தோட்டத்தில் நான் செய்ததிலேயே அதிகப் பலன் தந்த வேலை இதுதான்.

பாத்தி கொத்தும்போது என்றாவது வயர் அறுபடும். வெறும் டேப் சுற்றினால் ஈரம் ஏறிச் செம்பில் பச்சை பிடித்துவிடும். ஜெல் நிரப்பிய கனெக்டரே நல்லது. வயர் போட்ட அன்றே அது போகும் வழியைப் போட்டோ எடுத்து வையுங்கள், புல் மூடியபின் தேடி முடியாது.

ஸ்டேஷனுக்குச் சமதளம் வேண்டும், நிழல் இருந்தால் நல்லது. வயர் வேண்டாத சாட்டிலைட் மாடல்களும் வந்துவிட்டன. அவற்றுக்கு வானம் தெரிய வேண்டும், அடர்ந்த மரத்தடியில் தடுமாறும்.

வெட்டிய துணுக்குகளை அள்ள வேண்டியதில்லை, அங்கேயே மக்கி உரமாகும். புல் நுனி கிழிந்து வெளுத்தால் பிளேடை மாற்றுங்கள். அப்புறம், இரவில் ஓடவே விடாதீர்கள். முள்ளெலிகள் இரை தேடி வரும் நேரம் அது. ஆபத்து வந்தால் ஓடாமல் அங்கேயே சுருண்டுகொள்ளும் உயிர். மாலை வெளிச்சம் குறையும் முன்பே ரோபோ ஸ்டேஷனுக்குத் திரும்பும்படி நேரத்தை வையுங்கள்.