கட்டற்ற மென்பொருள் நிரலாளர்களுக்குத் துணைநிற்றல்: ஒரு நெடுநாள் பயனரின் மதிப்பீடு

எழுதுவதற்கு லிப்ரெஆபிஸ், மின்னூல்களைத் தொகுத்து வைப்பதற்குக் காலிபர், மின்னஞ்சலுக்குத் தண்டர்பேர்டு, படம் வரைவதற்குக் கிரிட்டா என்று என் அன்றாட வேலைகள் பல ஆண்டுகளாக, யாரும் பயன்படுத்தவும் திருத்தவும் பகிரவும் உரிமையுள்ள கட்டற்ற மென்பொருள்களில்தான் நடந்து வருகின்றன. இவற்றின் நிறைகுறைகளைப் பலரும் எழுதிவிட்டதால் அவற்றை விட்டுவிட்டு, இவற்றை உருவாக்குவோருக்கு ஒரு சாதாரணப் பயனர் துணைநிற்பதற்கு இருக்கும் வழிகளைத் தொடர்ந்து பயன்படுத்தியதில் எவை பயன் தந்தன என்பதை மட்டும் இங்கே பதிவு செய்கிறேன்.

பணம் அனுப்புவதே முதலில் நினைவுக்கு வரும் வழி. ஆனால் இந்தியாவிலிருந்து மாதந்தோறும் ஒரு சிறு தொகை தானாகச் செல்லும்படி ஏற்பாடு செய்வது எளிதன்று. தானியங்கிப் பிடித்தங்களுக்குக் கூடுதல் சரிபார்ப்பு வேண்டும் என்ற ரிசர்வ் வங்கியின் விதி 2021 அக்டோபர் 1 முதல் நடைமுறைக்கு வந்தபோது, வெளிநாட்டுத் தளங்களுக்குச் சென்றுகொண்டிருந்த மாதாந்தரத் தொகைகள் பலருக்கும் நின்றுபோயின, எனக்கும் நின்றன. விதியின் நோக்கத்தில் எனக்குக் குறையில்லை. ஆயினும் நன்கொடை நின்றுவிட்டது என்பதைக் கொடுப்பவர் கவனிப்பதற்குள் சில மாதங்கள் ஓடிவிடுகின்றன, பெறுபவரோ எதுவும் கேட்க மாட்டார். இதற்கு எனக்கு ஒத்துவந்த தீர்வு லிபராபே என்னும் நன்கொடைத் தளம். அதை நடத்தும் பிரான்சைச் சேர்ந்த லாபநோக்கற்ற அமைப்பு தனக்கென்று கழிவு எதையும் எடுப்பதில்லை. பணப்பரிமாற்ற நிறுவனத்தின் கட்டணம் மட்டுமே கழிகிறது. அங்கே ஓராண்டுக்கான தொகையை ஒரே தவணையில் முன்கூட்டியே செலுத்தலாம் என்பதால், கடவுச்சொல் சரிபார்ப்பை ஆண்டுக்கு ஒருமுறை செய்தால் போதும். சிறு தொகையை மாதந்தோறும் அனுப்பினால் கட்டணத்துக்கே போய்விடும் பங்கும் இதனால் குறைகிறது. வெளிநாட்டு அமைப்புகளுக்குக் கொடுப்பதற்கு நம் வருமான வரிச் சட்டத்தில் நன்கொடைக்கான வரிச்சலுகை கிடையாது என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

நன்கொடை என்ற சொல்லுக்கே கூச்சப்படுவோருக்குக் கிரிட்டாவின் ஏற்பாடு பொருத்தமாக இருக்கும். அதன் சொந்தத் தளத்தில் இலவசமாகக் கிடைக்கும் அதே மென்பொருள் ஸ்டீம், மைக்ரோசாஃப்ட் ஸ்டோர் ஆகிய இணையக் கடைகளில் விலைக்கும் கிடைக்கிறது. கட்டும் விலை அதன் உருவாக்கத்துக்குப் போகிறது. கடைக்காரருக்குரிய கழிவு போகத்தான் போகிறது என்றாலும், வழக்கமான கொள்முதலாக முடிந்துவிடுவதில் ஒரு வசதி இருக்கிறது.

இதில் எனக்குள்ள பெரிய மனத்தாங்கல், கண்ணுக்குத் தெரியும் மென்பொருளுக்கு மட்டுமே பணம் போகிறது என்பதுதான். பயனர்களின் நன்கொடையால் நடக்கும் தண்டர்பேர்டு 2022ஆம் ஆண்டில் அறுபது லட்சம் டாலருக்கு மேல் பெற்றது, அது நியாயமானதே. ஆனால் இணையத்தின் பெரும்பகுதியைப் பாதுகாத்துவந்த ஓப்பன்எஸ்எஸ்எல் என்ற நிரலகத்துக்கு (பிற மென்பொருள்கள் தமக்குள் பயன்படுத்திக்கொள்ளும் நிரல் தொகுப்பு), 2014 ஏப்ரலில் 'ஹார்ட்பிளீட்' என்ற வழு (நிரலிலுள்ள பிழை) வெளிப்படும்வரை, ஆண்டுக்கு ஏறத்தாழ 2,000 டாலர்தான் நன்கொடையாக வந்துகொண்டிருந்தது. செய்திகளைப் பிறர் படிக்க முடியாதபடி மாற்றும் மறையாக்கத்துக்கான ஜிஎன்யூபிஜியை 1997 முதல் எழுதிப் பராமரித்துவந்த ஜெர்மானியர் வெர்னர் கோக்கின் பண நெருக்கடியும் 2015இல் பத்திரிகைக் கட்டுரை ஒன்று வந்த பிறகே பரவலாகத் தெரிந்தது. அதன்பின் ஃபேஸ்புக்கும் ஸ்ட்ரைப்பும் ஆளுக்கு ஆண்டொன்றுக்கு 50,000 டாலர் தருவதாக அறிவித்தன. தமிழில் எழுதுவோருக்கும் இத்தகைய கடன் ஒன்று உண்டு. 'கொ' என்று தட்டும்போது கொம்பு முன்னாலும் கால் பின்னாலும் சரியாகப் போய் அமர்வது ஃபயர்பாக்ஸ், குரோம், ஆண்ட்ராய்டு, லிப்ரெஆபிஸ் ஆகிய அனைத்திலும் ஹார்ஃப்பஸ் என்னும் கட்டற்ற நிரலகத்தின் வேலை. நம்மில் எத்தனை பேர் அந்தப் பெயரைக் கேட்டிருப்போம்? ஆகவே, நான் ஒதுக்கும் தொகையில் ஒரு பங்கை, நான் நேரடியாகத் திறந்து பார்க்காத, ஆனால் என் மென்பொருள்கள் சார்ந்திருக்கும் நிரலகங்களுக்கென்று வைத்துக்கொள்கிறேன். 2024 அக்டோபரில் பங்குத் தரகு நிறுவனமான ஜெரோதா கட்டற்ற மென்பொருள்களுக்கு ஆண்டுக்குப் பத்து லட்சம் டாலர் தருவதாக அறிவித்தது, இந்திய நிறுவனங்களைப் பொறுத்தவரை நல்ல தொடக்கம்.

பணத்தைவிட அரிதானது பராமரிப்பாளரின் நேரம். மென்பொருளின் பதிப்பு, இயங்குதளம், வழுவை மீண்டும் நிகழ்த்திக் காட்டும் படிகள், அதை வெளிப்படுத்தும் ஒரு சிறு மாதிரிக் கோப்பு ஆகியவற்றோடு பதிவான வழுவறிக்கைக்கு விரைவில் பதில் கிடைப்பதையும், "வேலை செய்யவில்லை, உடனே சரிசெய்யவும்" என்ற வகை அறிக்கை ஆண்டுக்கணக்கில் கிடப்பதையும் தொடர்ந்து பார்த்திருக்கிறேன். தமிழ் உரை தொடர்பான வழுக்களில் மாதிரிக் கோப்பு இன்னும் முக்கியம்; நம் எழுத்தை வாசிக்கத் தெரியாத ஒருவருக்கு எது பிழை, எது சரி என்பதைப் படம் போட்டுக் காட்டினால்தான் விளங்கும். ஏற்கெனவே பதிவான வழுவைப் புதிய பதிப்பில் சோதித்து, இன்னும் இருக்கிறதா என்று குறிப்பிடுவதற்கு நிரல் எழுதத் தெரிய வேண்டியதில்லை. லிப்ரெஆபிஸில் இந்த வேலைக்கு ஆள் எப்போதும் தேவைப்படுகிறது.

அவசரப்படுத்துவது துணைநிற்பதற்கு நேரெதிரானது என்பதற்கு கோப்புகளைச் சுருக்க உதவும் எக்ஸ்இசட் என்ற மென்பொருளில் நடந்த விவகாரம் சான்று. ஏறக்குறைய தனியொருவராக அந்தச் சுருக்கக் கருவியைப் பராமரித்துவந்த லாசே காலினை, 2022இல் அறிமுகமற்ற சிலர் 'வேலை மெதுவாக நடக்கிறது, வேறொருவரிடம் ஒப்படையுங்கள்' என்று நெருக்கினார்கள். இது ஊதியமற்ற பொழுதுபோக்குப் பணி என்று அவர் நினைவூட்ட வேண்டியிருந்தது. அவருக்கு உதவுவதாக வந்து நம்பிக்கையைப் பெற்ற ஜியா டான் என்ற பெயருக்குரியவர் 5.6.0, 5.6.1 பதிப்புகளில் பிறர் கணினிக்குள் ரகசியமாக நுழைய வழிவிடும் கள்ளக்கதவு ஒன்றைப் புகுத்தினார். தொலைவிலுள்ள கணினிக்குள் நுழையப் பயன்படும் எஸ்எஸ்எச் வழியாக நுழையும்போது ஏறத்தாழ அரை நொடித் தாமதம் ஏற்படுவதைக் கவனித்த மென்பொருள் பொறியாளர் ஆண்ட்ரெஸ் ஃபிராய்ண்டு 2024 மார்ச்சில் அதைக் கண்டுபிடித்திராவிட்டால் விளைவு எங்கே போயிருக்கும் என்று சொல்வதற்கில்லை. அந்த நெருக்கடி மடல்களைப் படிக்கும்போது, வழுப்பதிவுகளில் நாள்தோறும் காணும் எரிச்சலான மறுமொழிகளிலிருந்து அவற்றைப் பிரித்தறிய முடியவில்லை.

எல்லாரும் பணத்தை எதிர்பார்ப்பதும் இல்லை. விளம்பரத் தடுப்பான யூபிளாக் ஆரிஜினை எழுதிவரும் ரேமண்டு ஹில் நன்கொடை கேட்பதில்லை; எதையாவது தர விரும்பினால், தடுப்புப் பட்டியல்களைப் பராமரிக்க உழைப்போரை நினைத்துக்கொள்ளுங்கள் என்று மென்பொருளின் அறிமுகக் குறிப்பிலேயே எழுதிவைத்திருக்கிறார். என் ஆண்டுத் தொகையில் அவருக்கென்று நினைத்திருந்த பங்கு இப்போது அப்பட்டியல்களில் ஒன்றைப் பராமரிப்பவருக்குப் போகிறது.