ஸாட்ஸிகி: கடை யோகர்ட்டா, துணியில் வடித்த தயிரா?

கிரீஸில் சூவ்லாக்கி விற்கும் கடைகளில், பிட்டா ரொட்டிக்குள் சுட்ட இறைச்சியோடு வெள்ளையாக ஒன்றைத் தடவிச் சுருட்டித் தருவார்கள். அதுதான் ஸாட்ஸிகி. தயிர், வெள்ளரி, பூண்டு, ஆலிவ் எண்ணெய், கொஞ்சம் வினிகர், உப்பு, அவ்வளவுதான். பார்த்தால் நம் வெள்ளரிப் பச்சடிக்கு ஒன்றுவிட்ட தங்கை மாதிரி இருக்கும். ஆனால் பச்சடி நெகிழ்ந்திருந்தால் குறையில்லை, சோற்றோடு சேரப்போகிற பண்டம். ஸாட்ஸிகி ரொட்டியில் ஒட்டி நிற்க வேண்டும். வீட்டில் செய்யும்போது அது நீர்த்துப்போவதுதான் பெரிய தலைவலி. எந்த வழியில் தண்ணீர் நன்றாக வெளியேறுகிறது என்பதை வைத்தே நான் எல்லாவற்றையும் எடைபோடுகிறேன்.

முதலில் தயிர். நீரை வடித்துக் கெட்டியாக்கிய கிரேக்க யோகர்ட் டப்பாவைக் கடையில் வாங்குவது சுலபம், உடனே வேலையை ஆரம்பிக்கலாம். ஆனால் டப்பாவின் பெயரை மட்டும் நம்பக் கூடாது. பிரிட்டனில் இதற்காக வழக்கே நடந்தது. அமெரிக்காவில் தயாரித்த யோகர்ட்டை ‘கிரேக்க யோகர்ட்’ என்று சோபானி நிறுவனம் விற்றதை எதிர்த்து, கிரீஸின் ஃபாயே நிறுவனம் நீதிமன்றம் போனது. 2013இல் உயர் நீதிமன்றத்திலும் 2014இல் மேல்முறையீட்டிலும் ஃபாயேதான் வென்றது. வடிகட்டாமல் ஸ்டார்ச்சோ பால் பவுடரோ சேர்த்துக் கெட்டியாக்கிய ‘கிரேக்க பாணி’ யோகர்ட்டும் கடைகளில் உண்டு. அதில் வெள்ளரியைக் கலந்தால் வாயில் மாவு மாதிரி ஒரு வழவழப்பு தங்கிவிடும். டப்பாவின் பின்பக்கம் பாலும் உறையும் தவிர வேறெதுவும் எழுதியிருக்கக் கூடாது. இனிப்பில்லாததுதானா என்பதையும் பார்த்துவிடுங்கள்.

என் ஓட்டு வீட்டில் வடித்த தயிருக்குத்தான், அதிலும் எருமைத் தயிருக்கு. கிரீஸில் பழைய வழக்கப்படி ஆட்டுப்பால் தயிரைத்தான் துணியில் வடிப்பார்கள். செம்மறியாட்டுப் பாலில் கொழுப்பு 6, 7 சதவீதம் இருக்கும். எருமைப் பாலிலும் ஏறக்குறைய அதே அளவுதான். பசும்பாலில் பெரும்பாலும் 4 சதவீதத்தை ஒட்டித்தான் இருக்கும், வடித்தாலும் அந்தச் செழுமை வராது. ஒரு கிலோ புளிக்காத தயிரைப் பழைய வேட்டித் துணியில் கட்டி, வடிகட்டியில் வைத்து, அடியில் ஒரு பாத்திரத்தோடு ஃபிரிட்ஜில் இரவு முழுக்க விடுங்கள். காலையில் ஏறக்குறைய பாதி எடைக்கு இறங்கியிருக்கும். வெளியே தொங்கவிட்டால் நம் ஊர் வெக்கையில் விடிவதற்குள் புளித்துவிடும். ஆறேழு மணி நேரம் பொறுக்க முடியாத நாளில் மட்டும் கடை டப்பா.

வெள்ளரியில் 95 சதவீதம் தண்ணீர். இதை மூன்று விதமாகக் கையாள்கிறார்கள். பொடியாக நறுக்கி அப்படியே கலந்தால் கடிக்க நன்றாக இருக்கும், ஆனால் ஒரு மணி நேரத்தில் கிண்ண ஓரத்தில் நீர் வளையம் கட்டும். துருவி உடனே கையால் பிழிவது இரண்டாவது வழி. அப்போதே சாப்பிடுவதானால் போதும். வைத்திருந்தால், தயிரில் போட்ட உப்பு மிச்சமிருக்கும் நீரையும் வெளியே இழுத்துவிடும். மூன்றாவது வழியில் அந்த வேலை முன்கூட்டியே முடிகிறது. துருவலில் அரை டீஸ்பூன் உப்பைப் பிசிறி அரை மணி நேரம் வைத்து, துணியில் முறுக்கிப் பிழிய வேண்டும். பிழிந்ததும் ஒரு பிடியாகச் சுருங்கிப்போகும், பயப்பட வேண்டாம். ஒரே நாளில் இரண்டு கிண்ணம் செய்து மறுநாள் திறந்து பார்த்தேன். உப்பிட்டுப் பிழிந்ததில் கரண்டி நின்றது, சும்மா பிழிந்ததில் சாய்ந்தது. இதற்குப் பிறகு தயிரில் உப்பு போடும்முன் ருசி பார்த்துக்கொள்ளுங்கள். முற்றின நாட்டு வெள்ளரி என்றால் விதையைக் கரண்டியால் வழித்தெடுத்துவிடுங்கள். காம்புப் பக்கம் கசக்கிறதா என்று நாக்கில் வைத்துப் பார்த்துவிட்டே துருவுங்கள்.

புதினாவா, சதகுப்பைக் கீரையா என்ற சண்டையில் எனக்குப் பெரிய பிடிவாதம் இல்லை. சதகுப்பை கிடைத்தால் அதுதான், கிரேக்க ருசி அதில் சட்டென்று தெரியும். சைப்ரஸில் இதையே தலத்தூரி என்று சொல்லிப் புதினா சேர்ப்பார்கள், அதனால் புதினா போட்டால் தப்பில்லை. ஸாட்ஸிகி என்ற சொல்லே துருக்கியின் ஜாஜிக்கிலிருந்து வந்ததுதான். ஜாஜிக்கைத் தண்ணீர் விட்டு நீர்க்கக் கரைத்துக் கரண்டியால் குடிப்பதும் உண்டு. கடும் வெயிலில் அது அருமை, ஆனால் ரொட்டிக்குத் தொட்டுக்கொள்ள ஆகாது. புளிப்புக்கு வினிகரை விட எலுமிச்சை மணக்கும். எனக்கு இங்கே வினிகர்தான் பிடிக்கும், பூண்டோடு அது நன்றாகப் போகிறது.

அந்தப் பூண்டை நறுக்குவதா, இடிப்பதா? நறுக்கினால் அங்கங்கே சுரீரென்று கடிபடும். இடித்தால் காரம் கூடும், ஆனால் தயிர் முழுக்கச் சீராகப் பரவும். நான் இடிக்கும்போதே வினிகரை விட்டுவிடுகிறேன். புளிப்பு பட்டால் பூண்டில் காரத்தை உண்டாக்கும் நொதி அடங்கிப்போகும், நெடி குறையும். அப்புறம் எல்லாவற்றையும் கரண்டியால் மட்டும் கலக்குங்கள். மிக்ஸியில் ஓட்டினால் இரவெல்லாம் வடித்த தயிர் நொடியில் இளகிவிடும்.

கால் கிலோ வடித்த தயிருக்கு ஒரு பல் போதும். கலந்து இரண்டு மணி நேரம் குளிரவிட்டு, மேலே ஆலிவ் எண்ணெய் விட்டுப் பரிமாறலாம். மறுநாளைக்கென்று செய்தால் அரைப் பல்லோடு நிறுத்துங்கள், இரவுக்குள் பூண்டு ஏறிவிடும்.