வீலான் ஸ்விட்ச், மூன்று ஆண்டுகளுக்குப் பிறகு: அந்த பிவிஐடி பக்கம்

போன மாதம் இடி விழுந்ததில் வீட்டு நெட்வொர்க் கேபிள்களை இணைக்கும் எட்டு போர்ட் ஸ்மார்ட் ஸ்விட்ச்சின் அடாப்டர் போய்விட்டது. மாற்றிய பிறகும் சரியாக வேலை செய்யாததால் ரீசெட் செய்து, எல்லாவற்றையும் முதலிலிருந்து அமைத்தேன். அதே வாரம் நண்பர் ஒருவர், "நானும் இதையே வாங்கட்டுமா?" என்று கேட்டார். அவருக்குச் சொன்னதுதான் இது.

என் வீட்டில் மூன்று வீலான்கள் (VLAN), அதாவது ஒரே ஸ்விட்ச்சில் எண் கொடுத்துப் பிரித்த தனித்தனி நெட்வொர்க்குகள். 1 வீட்டுக்கு, 20 மாடியில் இருக்கும் தம்பியின் கணக்கு அலுவலகத்துக்கு, 30 கேமராக்களுக்கு. மூன்றும் மாடிக்குப் போகும் ஒரே கேபிளில், எந்த வீலான் என்று காட்டும் டேக் போட்டுக்கொண்டு ஓடுகின்றன. இன்னொரு கேபிளுக்காகத் தளத்தைத் துளைக்கவில்லை. இப்படி வீலானாகப் பிரித்தால் வேகம் கூடும் என்று சிலர் சொல்வார்கள். இருபது சாதனம் உள்ள வீட்டில் அப்படி எதுவும் தெரியாது. பலன் வேறு இடத்தில் இருக்கிறது. 30-க்கு இன்டர்நெட்டை ரவுட்டரில் அடைத்தேன். அன்று இரவே லாக் முழுக்க, கேமராக்கள் வெளி சர்வர்களைத் தேடித் தேடித் தோற்ற வரிகள். அதைப் பார்த்தபோது வந்த நிம்மதிக்கே கொடுத்த காசு சரி.

இப்போது எரிச்சலுக்கு வருகிறேன். இந்த ஸ்விட்ச்சில் ஒரு போர்ட்டை எந்த வீலானில் சேர்ப்பது என்பது ஒரு பக்கம். பிவிஐடி (PVID, போர்ட்டின் இயல்பு வீலான் எண்) வேறொரு பக்கம். ஸ்விட்ச்சிலிருந்து வெளியே போவதை முதல் பக்கம் தீர்மானிக்கிறது. டேக் இல்லாமல் உள்ளே வருவது எந்த வீலானைச் சேர்ந்தது என்பதைத் தீர்மானிப்பது பிவிஐடி. ஆறாவது போர்ட்டை 30-இல் சேர்த்தேன், பிவிஐடியை மறந்துவிட்டேன். அது 1 ஆகவே இருந்தது. போர்ட்டும் 1-இலிருந்து தானாக விலகவில்லை. கேமரா வீட்டு நெட்வொர்க்கில் முகவரி வாங்கிக்கொண்டது. இன்டர்நெட் கிடைத்ததால் அதன் செயலியில் படம் நன்றாகவே வந்தது. 30-இல் இருக்கும் ரிக்கார்டரில் மட்டும் வரவில்லை. கேபிள் கோளாறு என்று நினைத்து இரண்டு தடவை முனையை வெட்டி மறுபடி கிரிம்ப் செய்தேன். ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுக்கப் போனது. பூட்டி வைத்ததாக நினைத்த கேமரா, குழந்தைகளின் டேப்லெட்டோடு ஒரே நெட்வொர்க்கில் இருந்திருக்கிறது. ஸ்விட்ச் ஒரு வார்த்தை எச்சரிக்கவில்லை. இதைத்தான் என்னால் மன்னிக்க முடியவில்லை.

வீட்டு போனுக்கு அலுவலகப் பிரிண்டர் தெரியாததும் ஒரு தொல்லைதான். சாதனங்கள் ஒன்றையொன்று கண்டுபிடிக்கும் எம்டிஎன்எஸ் (mDNS) தேடல் வீலானைத் தாண்டாது. ரவுட்டரில் அந்தத் தேடலை அடுத்த வீலானுக்குக் கடத்தும் ரிஃப்ளெக்டரை இயக்கி, பிரிண்டருக்கு மட்டும் ஃபயர்வாலில் வழி விட்டதும் சரியாகிவிட்டது.

மூன்று ஆண்டில் ஸ்விட்ச் ஒரு நாளும் தொங்கியதில்லை, சூடானதில்லை. என் வீட்டிலிருந்து இதை எடுக்கவும் மாட்டேன். ஆனாலும் நண்பரிடம் வாங்க வேண்டாம் என்றே சொன்னேன். கொஞ்சம் கூடுதல் விலை கொடுத்து, போர்ட்டை அக்சஸ் (ஒரே வீலானுக்கான போர்ட்) என்று குறித்து வீலான் எண்ணைக் கொடுத்தாலே பிவிஐடியும் சேர்ந்து மாறும் ஸ்விட்ச்சை வாங்கச் சொல்லியிருக்கிறேன்.