அலுவலக வேலைக்கு ஊழியரின் சொந்த போனா, கம்பெனி போனா?

செலவைப் பார்த்தால் சொந்த போன்தான் லாபம். ஊழியருக்கும் இரண்டு போன் சுமக்கும் தொல்லையில்லை. ஆனால் அலுவலக மெயிலை மட்டும் அப்படியே சேர்த்துக் கொடுத்துவிடாதீர்கள். அலுவலக மெயிலைப் போனோடு இணைக்கும் மைக்ரோசாஃப்டின் எக்ஸ்சேஞ்ச் ஆக்டிவ்சிங்க் வழியாக, போனை முழுதும் அழிக்கும் 'வைப்' கட்டளையை நிர்வாகம் அனுப்பினால் குடும்பப் படங்களும் சேர்ந்தே அழியலாம். ஆண்ட்ராய்டில் 'ஒர்க் புரொஃபைல்' என்ற தனி அலுவலகப் பகுதியை அமைத்தால் அலுவலக ஆப்கள் பெட்டிச் சின்னத்தோடு தனியே நிற்கும். வேலையை விட்டுப் போகிறவரின் போனில் அந்தப் பகுதியை மட்டும் நீக்கலாம். ஐபோனில் இதற்கு, 2019-இல் ஐஓஎஸ் 13-உடன் வந்த 'யூசர் என்ரோல்மென்ட்' உண்டு. செக்யூரிட்டி அப்டேட் நின்றுபோன போன்களைச் சேர்க்கவே கூடாது.

கம்பெனி போனில் ஆப், அப்டேட் எல்லாம் நிர்வாகத்தின் கையில். தொலைந்தால் தயங்காமல் முழுதும் அழிக்கலாம். நோயாளி விவரமோ பணமோ கையாள்பவர்களுக்கு இதுதான் சரி. விற்பனைப் பிரிவுக்கும் இதையே சொல்வோம்: சொந்த எண்ணில் பேசிய வாடிக்கையாளர்கள், ஊழியர் விலகும்போது அவருடைய வாட்ஸ்அப்போடு போய்விடுவார்கள்.