எல்லோருக்கும் ரேஷனா, ஏழைகளுக்கு மட்டுமா?

1997 ஜூனில் மத்திய அரசு, ரேஷன் அட்டைகளை வறுமைக்கோட்டுக்குக் கீழ், மேல் என்று பிரித்தது. தமிழ்நாடு மட்டும் எல்லோருக்கும் என்ற பழைய முறையை விடவில்லை.

ஏழைகளுக்கு மட்டும் என்பது காகிதத்தில் சிக்கனம். சிக்கல் கணக்கெடுப்பில் தொடங்குகிறது. தினக்கூலிக்காரரின் வருமானத்துக்கு ரசீது ஏது? சுவர் செங்கல்லா, மண்ணா என்று பார்த்துத்தான் ஏழையை அடையாளம் காண வேண்டும். கடன் வாங்கிக் கல்வீடு கட்டியவர் விடுபடுவார், செல்வாக்குள்ளவர் உள்ளே வருவார். 2000-இல் வறுமைக்கோட்டுக்கு மேல் உள்ளவர்களின் அட்டைக்கு முழு அடக்கவிலை வைத்தார்கள். அந்த அரிசியை யாரும் சீண்டவில்லை. விற்பனை சுருங்கிய கடைக்காரருக்குக் கமிஷன் கட்டுப்படியாகவில்லை, மூட்டை வெளிச்சந்தைக்குப் போனது. 2002-இல் மத்தியக் கிடங்குகளில் 6 கோடி டன்னுக்கு மேல் தானியம் தேங்கியது.

எல்லோருக்கும் என்றால் செலவு கூடும், உண்மைதான். ஆனால் அரிசி வேண்டாதவர் சர்க்கரை அட்டைக்கு மாறிக்கொள்ளலாம்; வரிசையில் நிற்பதே ஒரு சல்லடை. நடுத்தர வீட்டுக்காரரும் வாங்குவதால் எடை குறைந்தால் சத்தம் எழும். இங்கும் ஓட்டை உண்டு: வாங்கிய அரிசியை விற்பவர்கள், எல்லை தாண்டும் கடத்தல்.

2013-இன் உணவுப் பாதுகாப்புச் சட்டம் கிராமத்தில் 75, நகரத்தில் 50 சதவீதம் பேர் வரை, ஆளுக்கு மாதம் 5 கிலோ தானியம் என்றது. 2016 நவம்பரில் சேர்ந்த தமிழ்நாடு, அந்த வரம்புக்கு வெளியே உள்ளவர்களின் அரிசிச் செலவைத் தானே சுமக்கிறது.