செலஸ்டேயா, காமன் கூத்தா?

கேம் செய்கிறவருக்கு மாசி மாத ராத்திரி ஒன்று ஓய்வாகக் கிடைத்தால் எதற்குக் கொடுப்பது?

செலஸ்டே (2018) சின்னக் குழு செய்த மலையேறும் கேம். அதில் விளிம்பைத் தாண்டிக் கால் போன பிறகும் ஒரு கணம் ஜம்ப் பட்டன் வேலை செய்யும். விளையாடுகிறவருக்கு அது தெரியாது. தன் கெட்டித்தனம் என்றே நினைப்பார். இதை மலையகத்து ஹட்டன் குளிரில் கம்பளிக்குள் இருந்தபடியே எத்தனை தரமும் போட்டுப் பார்க்கலாம்.

காமன் கூத்தில் ரீஸ்டார்ட் கிடையாது. மன்மதன் கதையைத் தேயிலைத் தோட்டத்தில் விடிய விடிய ஆடும் கூத்து இது. தப்பு மேளத்தின் தோல் பனியில் தொய்ந்தால் நெருப்பில் காட்டிச் சூடேற்றுவார்கள். அடுத்த அடி விழும்போது தூங்கி வழியும் பிள்ளைகள்கூட எழுந்து உட்கார்ந்துவிடும். சிவனின் நெற்றிக்கண்ணில் மன்மதன் எரிவான் என்பது எல்லோருக்கும் தெரிந்த கதை. தெரிந்தும் ரதி புலம்பும்போது பாட்டிமார் முந்தானையால் கண்ணைத் துடைக்கிறார்கள். ஸ்பாய்லருக்குப் பயந்து ட்ரெய்லரை வெட்டி ஒட்டும் நமக்கு இது உறைக்க வேண்டும்.

கண்ட்ரோல் பழக செலஸ்டே போதும்; வருடம் முழுக்கக் கிடைக்கும், தள்ளுபடியிலும் வரும். கதை, தாளம், கூட்டம் என்றால் என் ஓட்டு கூத்துக்குத்தான். ஸ்வெட்டர் கட்டாயம், போன் சட்டைப்பைக்குள்ளேயே இருக்கட்டும்.